பாதி மேட்டில் ஒரு நிறுத்தம்

அந்தத் தெருவில் அவருக்குக் 'காது' என்றுதான் பெயர். முக்கு திரும்பும்போதே எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிற மெக்கானிக். அவர் மனைவி மோட்டார் வைண்டிங் செய்பவள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவி, புதுச் செம்புக்கம்பி சுற்றி ஓட வைப்பது பன்னிரண்டு வருஷமாக அவள் வேலை. அதுவும் யாரோ ஒரு முதலாளியின் பட்டறையில்.

அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் என்ஜின் ஒருநாள் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

"இதுக்கு நான் கரண்ட் மோட்டார் வைக்கிறேங்க," என்றாள் அவள்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "சத்தமே போடாத வண்டிக்கு நான் எப்படிம்மா வைத்தியம் பாக்கிறது? நாடி பிடிக்க ஒண்ணுமே இருக்காதே!"

அவள் விடுகிற மாதிரி இல்லை. கடைசியில் அவரே வாய்கொடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, பந்தயம். நாம ரெண்டு பேரும் உக்காந்து, தண்ணித் தொட்டி மேட்டைக் கால் ஊனாம ஏறிட்டா, என் கடையில பாதி உனக்கு. உன் போர்டு வெச்சுக்க. ஏறலேன்னா பழைய என்ஜினையே போட்டுடுவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அன்று வீட்டுக்கு வந்திருந்த அவருடைய அண்ணன், பஸ் டிரைவர், "நான்தான் சாட்சி," என்று முந்திக்கொண்டார். தம்பி வீட்டு வேடிக்கை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் பட்டறை ஆனது. என்ஜின் இருந்த இடத்தில் அட்டையை வெட்டி வைத்து அளவு பார்த்தாள். மோட்டாரைத் தாங்கும் இரும்புத் தகட்டை மூன்று தடவை அறுத்து மாற்றினாள். பழைய மோட்டார் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த கம்பியை எல்லாம் உருவிவிட்டு, மேடு ஏற வேண்டுமே என்று தன் கணக்குப்படி தடித்த கம்பி சுற்றினாள். முடித்ததும் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே பெருமையாக இருந்தது.

மோட்டார், பேட்டரி எல்லாம் மாட்டி முடித்த அன்று அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவள் சாவியைத் திருப்பினாள். சின்ன விளக்கு எரிந்தது.

"ஆனாயிடுச்சா? ஒண்ணும் கேக்கலையே!"

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கி உறுமலைக் கேட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? முறுக்கினார். வண்டி உறுமவில்லை, பாய்ந்தது. கொடியையும் அதில் காய்ந்த நாலு சட்டையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி, பக்கவாட்டில் சாய்ந்தது.

"இது முறுக்கினா பேசாதுங்க, ஓடும்," என்றாள் அவள், சட்டைகளுக்கு நடுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டபடி. வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நசுங்கிய மட்கார்டை அவள் நிமிர்த்தினாள். செயின் கவரை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேட்டுக்குக் கிளம்பினார்கள். ஓட்டுவதற்கு அவள் முன்னால், நெட்டையான அவர் பின்னால். அண்ணன் மேட்டின் உச்சியில் காத்திருந்தார். வண்டி சத்தமில்லாமல் ஏறியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பாதி மேட்டில் அவர் அவள் தோளைத் தட்டினார்.

"நிறுத்து!"

"இப்ப நிறுத்தினா எல்லாம் போச்சுங்க!"

"செயின் கவர்ல உரசுதும்மா. நேத்து நான் சாச்சதுல நசுங்கியிருக்கு. செயின் அறுந்தா ரெண்டு பேரும் உருளுவோம்."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காது பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. கண் கலங்க, பிரேக்கைப் பிடித்தாள். அவர் உட்கார்ந்தபடியே நீளக் கால்கள் இரண்டையும் ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டு, குனிந்து கவரை விரலால் வெளியே இழுத்தார்.

"கால் ஊனியாச்சு! பந்தயம் போச்சு!" மேலிருந்து அண்ணன் கத்தினார்.

"நீ கெளப்பு," என்றார் அவர்.

அவள் பிரேக்கை விட்டு மெல்ல முறுக்கினாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் கிளம்பி, நேரே உச்சியில் போய் நின்றது.

"ஏறினது சரி," என்றார் அண்ணன். "ஆனா பேச்சு பேச்சுதான். ஊனிட்டீங்களே."

"ஊனினது யாரு? நான். அவ கால் கீழ பட்டுச்சா?" மெக்கானிக் சண்டைக்கே போய்விட்டார். "பாதி மேட்டுல, என்னையும் சுமந்துகிட்டு, நின்ன எடத்துலேருந்து கெளப்பினா பாத்தியா? ஓடிவந்து ஏறுறதுன்னா எவனும் ஏறுவான். நான் ரிப்பேர் பாத்த ஒரு பெட்ரோல் வண்டியும் இப்படித் திணறாம கெளம்பினதில்ல."

அண்ணன் குனிந்து பின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"கடையில வலது பக்கம் வெயில் வராது. அது உனக்கு," என்று மெக்கானிக் அவளிடம் சொன்னார். "இன்னிக்கே என் சாமானை எல்லாம் எடுத்துடறேன்."

"என் போர்டு உங்களதவிடப் பெருசா இருக்கும், பரவாயில்லையா?"

"இருக்கட்டுமே."

இறங்கி வரும்போது தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "காது, பிரமாதமா பண்ணிட்டியேப்பா!" என்று யாரோ கூவினார்கள். அவர் பின் சீட்டிலிருந்து எழும்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா! எல்லாம் இவதான்! நான் சும்மா பின்னாடி உக்காந்து வரேன்!"