கண்டிக்கு வந்து சேர்ந்த வண்டி

கார்ட் அம்பிகைபாகனின் ரயில் மூன்று நாளாக முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. பின்னால் கடுகண்ணாவையில் மலை சரிந்து தண்டவாளத்தின் மேல் குந்திக்கொண்டது. முன்னால் பேராதனைக்குக் கிட்ட மகாவலி பெருகி, தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நடுவில் இருந்த சின்ன ஸ்டேஷனில் எட்டுப் பெட்டிகளோடு வண்டி அசையாமல் நின்றது. சனங்கள் திட்டிக்கொண்டே இறங்கி நடந்துவிட்டார்கள்.

டிரைவரும் போய்விட்டான். டிரைவருக்கு மணிக்கணக்கு; எட்டு மணித்தியாலம் முடிந்தால் அவன் ராசா. கார்டுக்கோ இடக்கணக்கு. வண்டியைக் கண்டியில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் இறங்கக்கூடாது. அதுவும் யாழ்ப்பாணத்து மனிதர், சண்டைக்காலம். வண்டியை விட்டுவிட்டுப் போனால் வேலையை விட்டுப் போனான் என்றா எழுதுவார்கள்? புலிகளோடு சேரக் காட்டுக்குப் போனான் என்றல்லவா எழுதுவார்கள்!

சும்மா நாளாக இருந்தால் மனிதர் பேப்பரை விரித்துப் படுத்திருப்பார். ஆனால் மனைவி தவமணி கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. திங்கட்கிழமை பத்து மணிக்கு வெட்டி எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று பெரிய டொக்டர் சொல்லியிருந்தார். புருஷன் கையெழுத்து இல்லாமல் உள்ளே எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை.

திங்கள் விடிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் ஸெய்னுலாப்தீன் மேலிடத்துக்கு நாற்பதாவது தடவையாகப் போன் எடுத்தார். மாற்று கார்ட் கண்டியில்தான் இருக்கிறார், ஆகவே வண்டியைக் கண்டிக்குக் கொண்டுவரவும் என்று நாற்பதாவது தடவையாகப் பதில் வந்தது. மாஸ்டர் போனுக்குள்ளே கத்தத் தொடங்கினார். கத்தி முடித்து வந்தவரின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கார்ட் ஐயா, ஓடர் வந்தீக்கிது. மறு அறிவித்தல் வரைக்கும் இந்த ஸ்டேஷனெக் கண்டின்னு வெச்சிக்கிறதாம்."

"என்ன மாஸ்டர், பகிடியோ?"

"அல்லாவே, எனக்கு வெளங்கல்ல. எழுதி எடுத்தீக்கிறேன், பாருங்க."

ஸ்டோரில் பழைய கரும்பலகை ஒன்று கிடந்தது. சோக்கால் மூன்று பாஷையிலும் கண்டி என்று எழுதி, மாஸ்டர் பிளாட்பாரத்தில் தொங்கவிட்டார். அதோடு விட்டாரா? வண்டி வந்து சேராமல் எப்படி வரவு எழுதுவது என்று அவருக்குச் சந்தேகம். அம்பிகைபாகன் கடைசிப் பெட்டியில் ஏறி விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டினார். வண்டி அசையவில்லை. மாஸ்டர் பிளாட்பாரத்தில் நாலடி முன்னுக்கு வந்து, "வண்டி வந்திட்டு!" என்று சத்தம் போட்டார். மழையில் நின்ற இரண்டு மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"அம்பிகைபாகன், காலை 7.10க்குக் கண்டியில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்று முத்திரை குத்திய துண்டை வாங்கிக்கொண்டு மனிதர் ஓடினார். ஓட்டமும் நடையுமாகப் பேராதனைப் பாலத்துக்கு வந்தபோது எட்டரை. பாலத்தடியில் பொலிஸ் காவல்.

"கொஹே இந்தலத?" என்று கேட்டான் சார்ஜன்ட். எங்கேயிருந்து வருகிறாய்?

இருபத்தாறு வருசம் எழுதியிருப்பதை மட்டுமே சொல்லிப் பழகிய வாய். "நுவர இந்தலா" என்றது. நுவர என்றால் கண்டி.

"எங்கே போகிறாய்?"

"நுவரட்ட." கண்டிக்கு.

சார்ஜன்ட் துண்டை வாங்கிப் படித்தான். அடையாள அட்டையைப் படித்தான். பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. திரும்பவும் துண்டைப் படித்தான். அம்பிகைபாகன் ஏழு பத்துக்கே கண்டிக்குப் போய்விட்டான் என்று அரசாங்க முத்திரை சொல்கிறது. அப்படியானால் கண்டிக்கு வெளியே, உடம்பெல்லாம் சேறோடு நிற்கிற இவன் யார்? இரண்டில் ஒருவன் புலி என்று சார்ஜன்டுக்குப் பட்டது. கையில் இருப்பவனைப் பிடிப்பதுதானே சுகம்! ஒரு கொன்ஸ்தாபிளின் கையோடு விலங்கை மாட்டி, கண்டிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினான்.

கண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்பிகைபாகனுக்கு எவ்வளவு சந்தோஷம்! கைதுசெய்த ஜீப்பைக் கொஞ்சம் விரைவாக விடச் சொல்லிக் கெஞ்சிய ஆள் அவராகத்தான் இருக்கும். தான் யார் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் மனைவி இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்று வழியெல்லாம் மன்றாடினார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது சார்ஜன்டுக்கு.

ஒன்பதே முக்காலுக்கு வார்டுக்குள் போனார்கள். தவமணி தள்ளுகட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நர்ஸ், கையில் கையெழுத்தில்லாத படிவம்.

"இவர் உன் புருஷனா?" என்று நர்ஸின் வாயால் கேட்பித்தான் சார்ஜன்ட்.

தவமணி சார்ஜன்டின் துவக்கைப் பார்த்தாள், விலங்கைப் பார்த்தாள், மூன்று நாள் தாடியைப் பார்த்தாள். கண்டிக்குக் கிட்ட, கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருந்த வீட்டுக்கு அந்த வருசம் பொலிஸ்காரர் இரண்டு தடவை வந்து அவரைக் கேட்டுப் போயிருந்தார்கள். ஆர் கேட்டாலும் தெரியாதென்று சொல்லு என்று படிப்பித்ததே அம்பிகைபாகன்தான்.

"இல்லை ஐயா. இவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ர மனிசன் ரயிலில நிக்கிறார்."

"ஐயோ தவம், நான் கண்டிக்கு வந்திட்டனப்பா!"

"எனக்குத் தெரியாது."

நர்ஸ் படிவத்தை மடித்தாள். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று தன்னையே கொல்லுகிறாளே இந்த மனுசி! அம்பிகைபாகன் கட்டிலடியில் குந்திவிட்டார். விலங்கு இழுத்ததில் கொன்ஸ்தாபிளும் கூடவே குந்தினான். அவர் தலையிலிருந்து மழைத்தண்ணி அவள் காலில் சொட்டியது.

"தெரியாது ஐயா" என்று சொல்லிக்கொண்டே தவமணி போர்வை நுனியை எடுத்து அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "சத்தியமா எனக்கு இவர் ஆரெண்டே தெரியாது." நெற்றியைத் துடைத்தாள். காதுக்குப் பின்னால் இருந்த சேற்றையும் விடவில்லை.

சார்ஜன்ட் துடைக்கிற அந்தக் கையைப் பார்த்தான். பிறகு நர்ஸின் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் பிரித்து, பேனாவோடு அம்பிகைபாகனின் மடியில் வைத்தான்.

கொன்ஸ்தாபிளின் கையும் சேர்ந்து போனதால் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் தவமணி தலையைத் தூக்கித் தூக்கி, தெரியாது, தெரியாது என்று சொல்லி அழுதுகொண்டே போனாள்.