நூற்று ஐம்பத்து மூன்று

2000ஆம் ஆண்டு மே மாதம் ஆயுதக் கும்பல் ஒன்று ஆட்சியைப் பறித்த பிறகு, ஃபிஜியின் சுவா நகரில் இந்தியர் யாரைப் பார்த்தாலும் பாஸ்போர்ட் பேச்சுதான். ஆய்வுக்கூட உதவியாளர் பாலசுப்பிரமணிக்கு எங்கும் போகிற எண்ணம் இல்லை. ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ட்ராசா ஊர்ப் பெண் ஊர்மிளா போகவேண்டும் என்று விரும்பினாள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அவளுக்கு ஒரு வேலை கனிந்துகொண்டிருந்தது. அது கிடைத்தால், குத்தகை முடிந்து கரும்பு நிலத்தை விட்டு இறங்கிய அவளுடைய பெற்றோருக்கும் ஒரு வழி பிறக்கும்.

அயனிகளை மின்புலக் கூண்டில் பிடித்துவைத்து எடை பார்க்கிற கருவி அவர்களிடம் இருந்தது. அதை 'ட்ராப்' என்பார்கள். ஃபிஜிக்காரர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரின் சத்திலிருந்து 231 எடையுள்ள அயனியை மட்டும் ஊர்மிளா கூண்டில் நிறுத்துவாள், மற்றவற்றை விரட்டிவிடுவாள். பிறகு ஒரு குடுவையிலிருந்து துளி நீராவியை உள்ளே விடுவாள். அயனி 18 எடையுள்ள நீரோடு சேர்ந்தால் திரையில் 249 தெரியவேண்டும். தெரிந்தது, சன்னமாக. ஆனால் 153இல் தென்னைமரம் போல வேறொரு கோடு எழுந்து நின்றது. 231 இப்படி உடையும் என்று யாரும் எழுதியதில்லை.

"மாமா, இது புதுசு! ஆக்லாந்துக்காரங்க பாத்தா என்னை விடமாட்டாங்க."

"முருகன் கைவிடமாட்டான், அம்மா."

முருகனிடம் அவர் சொல்லிவைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. கலவரம் தொடங்கிய நாள்முதல், அவள் வருமுன், கருவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் குடுவையில் தண்ணீர் நிரப்புவார்.

ஜூலையில் ஒரு வாரம் கற்பூரம் கிடைக்கவில்லை, கடை சூறையாடப்பட்டிருந்தது. அந்த வாரம் 153ம் வரவில்லை. ஊர்மிளா கருவியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சிகடோகாவிலிருந்து பஸ்ஸில் வந்த உறவுக்காரியிடம் பாலசுப்பிரமணியின் மனைவி கம்லா ஒரு பொட்டலம் கற்பூரம் வாங்கித் தந்தாள். திங்கட்கிழமை ஏற்றினார். 153 திரும்பி வந்துவிட்டது.

"வந்துடுச்சு மாமா! போன மாசம் அனுப்பின படம் சரிதான்னு நாளைக்கே ஆக்லாந்துக்கு ஃபேக்ஸ் அனுப்பிடறேன்."

முருகன் கண் திறந்துவிட்டான் என்றுதான் அவருக்கும் முதலில் தோன்றியது. சாப்பிடக் கை கழுவும்போது விரலில் வீசிய வாசனை அவரை நிறுத்தியது. குடுவையின் வாயைப் பிடித்த விரல்கள் அவை.

பேசாமல் இருந்தால் அவள் விமானம் ஏறிவிடுவாள். ஆனால் ஆக்லாந்தில் இதையே திரும்பச் செய்து பார்ப்பார்கள், கோடு வராது. கெட்டுப்போவது அவள் பெயர். பாலசுப்பிரமணி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, கப்பூரத்தோட எடை எவ்வளவு?"

"நூத்தி அம்பத்திரண்டு. கூண்டுல ஒரு புரோட்டான் ஒட்டினா ஒண்ணு கூடி..." ஊர்மிளா நிறுத்தினாள். "அரே! இங்க யாரு மாமா கப்பூரம்..."

"நான்தான். உனக்கு வேலை கிடைக்கணும்னு தினம் ஏத்தினேன். அதே கையாலதான் தண்ணியும் ஊத்தினேன்."

அவள் குடுவையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "மிஷினுக்கு ஆரத்தியா காட்டினீங்க?"

"தேங்காகூட உடைக்கலாம்னு பாத்தேன். தண்ணி தெறிக்கும்னு விட்டுட்டேன்."

கண்ணில் நீர் வர, அவள் சிரித்துவிட்டாள். ஒரு துணுக்குக் கற்பூரத்தின் அயனியைக் கூண்டில் தனியாகப் பிடித்து உடைத்துப் பார்த்தாள். குடுவை நீரில் வந்த 153ஐயும் உடைத்தாள்; இரண்டிலும் அதே துண்டுகள்தான் வந்தன. முன்பே அனுப்பியிருந்த படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக, ஆக்லாந்துக்கு ஃபேக்ஸில் அனுப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

"என் பேரைப் போடு அம்மா. தப்பு என்னுது."

"தண்ணியைச் சோதிக்காம விட்டது நான்." நீரில் கற்பூரம் கலந்திருந்ததைத் தான் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதினாள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் 249 உண்மையாகத் தெரிகிறது, சுத்தமான நீரில் அது எவ்வளவு வேகமாக உண்டாகிறது என்று அளந்து அனுப்பினால் பிப்ரவரியில் வேறு இடம் தருவதைப் பற்றிப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஊர்மிளா ட்ராசாவில் இருந்த அப்பாவுக்குப் போன் செய்தாள். பாலசுப்பிரமணி கதவருகே தலைகுனிந்து நின்றார்.

"இப்ப இல்லப்பா. பிப்ரவரியில பாக்கலாம்னு சொல்றாங்க... ஆமா, ஒரு தப்பு நடந்துபோச்சு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தாள். "இங்க பாலா மாமா இருக்கார்ப்பா. அவர் நேரத்துல வந்து சொன்னார், பொழச்சேன்."