காவலில் இல்லாத மைத்துனர்

பேராசிரியர் இருபது வருடம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியபோது முதல் பெஞ்சுகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளில் அரசாங்கத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேச ஆரம்பித்த இரண்டே வருடத்தில் பால்காரர் எழுந்து நின்று பாக்கெட் கொடுக்கிறார். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

வினை வந்தது மனைவியின் தம்பி உருவத்தில். அவர் டவுன் பஸ் டிரைவர். பதினாறு மணி நேர டியூட்டி பார்க்க முடியாது என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு டிப்போ வாசலில் நின்றார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு நாளாக எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் கையை விரித்தார்கள்.

அக்காக்காரி கணவரைச் சும்மா விடவில்லை.

"இந்த அரசாங்கம் சொக்கத்தங்கம்னு ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்றீங்களே, அந்தத் தங்கத்துக்கிட்ட என் தம்பியைக் கேட்டு வாங்கிக் குடுங்க!"

ஐந்தாம் நாள் காலையில் பேராசிரியர் வெட்கத்தை விட்டுச் செய்தித் துறை அதிகாரிக்குப் போன் செய்தார். மறுமுனையில் தேன் ஒழுகியது.

"நம்ம வீட்டுப் பிள்ளையா சார்? முதல்லயே சொல்லக் கூடாதா? மூணு மணிக்கு உங்க நேரலை இருக்கில்ல, அதை முடிங்க. ஆறு மணிக்கு மச்சான் வீட்ல இருப்பார். கைதைப் பத்திக் கேட்டா மட்டும் 'விசாரிச்சுச் சொல்றேன்'னு நழுவிடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

அதுக்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதுதான் அவருக்கு ஜென்மத்திலும் வராதே.

மூன்று மணிக்குப் புத்தக அலமாரிக்கு முன்னால் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்தார். எதிரே, கேமராவில் விழாத மூலையில், மனைவி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் கண்ணாலேயே அவரை எச்சரித்தாள்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. விலைவாசியைப் புள்ளிவிவரத்தால் மூடினார், தேர்தலை இரண்டு மேற்கோள்களால் முடித்தார். பிறகு அந்த வெளிநாட்டுத் தொகுப்பாளினி, ஒரு பேருந்து ஓட்டுநரைப் போலீஸ் கொண்டுபோய் நான்கு நாளாகத் தகவலே இல்லையாமே என்றாள்.

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றார் நல்ல பிள்ளையாக.

அத்தோடு அவள் விட்டிருக்கலாம். லேசாகச் சிரித்து, "அப்படியென்றால் உங்களுக்கு எதுவும் தெரியாது, சரிதானே பேராசிரியரே?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

தெரியாதா? அவருக்கா? சுருக்கென்று தைத்தது.

"அந்தக் குடும்பத்தை நான் நேரடியாக அறிவேன். அந்த மனிதர் யாருடைய காவலிலும் இல்லை. சொந்த வேலையாக வெளியூர் போயிருக்கிறார். கேள்வி கேட்குமுன் நீங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்."

தொகுப்பாளினி அவசர அவசரமாக விளம்பர இடைவேளைக்குத் தாவினாள். இரண்டு வருடத்தில் இப்படியோர் அடி அவர் கொடுத்ததில்லை. மூலைப் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்த கையோடு அதிகாரியின் போன் வந்தது. பாராட்டு மனைவி காதிலும் விழட்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"பிச்சு உதறிட்டீங்க சார்! அமைச்சரே எழுந்து நின்னு கை தட்டினார்."

"சந்தோஷம். அப்ப ஆறு மணிக்கு மச்சான்..."

"அதுலதான் சார் சின்னச் சிக்கல். அவர் நம்மகிட்ட இல்லைன்னு உலகமே பார்க்கச் சொல்லிட்டீங்க. இல்லாத ஆளை எப்படி சார் விடறது? வெளிய வந்து நாலு பேர்கிட்ட பேசினா உங்க மரியாதை என்ன ஆகும்? ரிஜிஸ்டர்லேர்ந்து பேரை எடுக்கச் சொல்லியாச்சு. உங்க வார்த்தையை நாங்கதானே காப்பாத்தணும்?"

"நான் வேணா... தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு மறுப்பு..."

"ஐயய்யோ! அப்புறம் உங்களையும் விசாரிக்க வேண்டி வரும் சார். நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

லைன் அறுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேராசிரியருக்குப் பேச ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. பயமா அவமானமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மனைவி அழவில்லை. எழுந்து கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார்.

"வெளியூருக்குத்தான். தம்பி எந்த ஊர்ல இருக்கான்னு சொல்லுங்க, பஸ் ஏறிப் போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."