நாலும் நல்லா இருக்கு

கணவன் இறந்த மறுநாள் அவள் பின்னறைக் கதவைச் சாத்தினாள். முப்பத்து நான்காம் நாள் திறந்தாள்.

மறந்துவிட்டாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சௌகரியம். மறக்கவில்லை. பல் தேய்க்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். தொட்டியில் ஃபில்டர் ஓடுகிறது. தொட்டிக்குள் நாலு பேர் இருக்கிறார்கள். சாப்பாடு போடவேண்டும். எல்லாம் தெரியும். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போவாள்.

நாலு பேர் என்பது அவன் பேச்சு. அவை ஆக்சலாட்டல்கள். பார்க்காதவர்களுக்கு, பல்லியாகலாமா மீனாகலாமா என்று யோசித்து நடுவில் நின்றுவிட்ட பிராணி என்று சொல்லலாம். ஒரு சாண் நீளம், நாலு கால், ஆயுசு முழுக்கத் தண்ணீர். தலையின் இரு பக்கமும் மும்மூன்று செவுள்கள் இறகுபோல வெளியே நிற்கும். வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும். சந்தோஷமெல்லாம் இல்லை, வாயின் அமைப்பே அப்படி. கறுப்புக்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தான். வெளுத்தது வெள்ளையம்மா. தின்றுகொண்டே இருப்பது குண்டன். மூலையில் அசையாமல் கிடப்பது முனிவர். வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தால், நாங்க அஞ்சு பேரும் சாப்பிட்டாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி என்பான். அதற்குப் பாதி நாள் சிரிப்பாள், பாதி நாள் எரிந்து விழுவாள்.

பேருந்துக்கு நின்ற இடத்திலேயே விழுந்து செத்தான். நாற்பத்தேழு வயது.

கதவைத் திறக்க வைத்தது நாத்தனாரின் போன். அவன் தங்கை, வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் வேலை. அடக்கம் முடிந்த கையோடு கிளம்பிப் போனவள், ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடுவாள்.

"அண்ணா பசங்க எப்படி இருக்காங்க அண்ணி?"

"நாலும் நல்லா இருக்கு."

நாலு ஞாயிறு இது போதுமாக இருந்தது. ஐந்தாம் ஞாயிறு நாத்தனார் இன்னும் கொஞ்சம் பேசினாள். அடுத்த மாதக் கடைசியில் லீவு இருக்கிறதாம். பெட்டி எடுத்துக்கொண்டு வந்து நாலையும் கொண்டுபோகிறாளாம். அண்ணன்தான் எப்போதோ சொல்லி வைத்தானாம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து இவங்களைத் தூக்கிட்டுப் போயிடு, உங்க அண்ணிகிட்ட விட்டா பட்டினி போட்டே கொன்னுடுவா என்று. சொல்லிவிட்டு, சும்மா கிண்டலுக்குச் சொன்னதுதான் அண்ணி என்று நாத்தனார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

தெரியும் என்று சொல்லிப் போனை வைத்தாள். கதவருகே போய்க் கைப்பிடியைத் திருகினாள்.

நாற்றம் முதலில் வந்தது. வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அவள் பார்க்காத நாற்றமில்லை, அதனால் நின்றாள். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. குண்டன் இருந்த இடத்தில் குண்டனின் முதுகெலும்பும் வாலில் கொஞ்சமும் இருந்தன. மற்ற மூன்றும் உயிரோடு இருந்தன. தலை மட்டும் பழையபடி பெரிதாக, உடம்பு கயிறாக. வெள்ளையம்மாவுக்கு இடது முன்னங்கால் தோளோடு இல்லை. முனிவரின் செவுள்கள் குச்சிகளாக நின்றன. பசியில் ஒன்றை ஒன்று கடித்திருக்கின்றன. மூன்றும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வாளி எடுக்கப் போனாள்.

வண்ண மீன் கடைக்காரர் அவள் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஊருக்குப் போயிருந்ததாக அவரிடம் சொன்னாள்.

"ஊருக்குப் போனீங்களா, உலகத்தை விட்டே போனீங்களா?" என்றார் அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வேலையைச் சொன்னார். மூன்றையும் தனித்தனி டப்பில் போடவேண்டும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றவேண்டும், குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றக்கூடாது, குளோரினை எடுக்கும் மருந்துச் சொட்டு விட்டு வைத்து ஊற்றவேண்டும். தண்ணீர் சில்லென்று இருக்கவேண்டும். இருட்டாக இருக்கவேண்டும். மண்புழுவைத் துண்டாக்கி இடுக்கியால் வாயருகே காட்டவேண்டும். வாங்கவில்லை என்றால் வற்புறுத்தக்கூடாது, ஆனால் விடவும் கூடாது.

ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். மஞ்சள் நல்லது. பச்சை என்றால் அவை தம் மூத்திரத்திலேயே வெந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

நிறத்தை நம்புவது அவளுக்குப் புதிதில்லை. பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் வேலை. ரத்தத்தோடு வரும் கத்தரிகளை ஊறப்போட்டு, பல் பல்லாகத் தேய்த்து, எண்ணி, தட்டில் அடுக்கி, துணி சுற்றி, டேப் ஒட்டி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளவேண்டும். வெளியே வரும்போது டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தால் சுத்தம். இல்லையென்றால் மறுபடி. அவள் கை பட்ட தட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. வீட்டில் அவன் வைத்த பட்டப்பெயர் டெட்டால்.

வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை. டப்புகளை வரிசையாகத் தரையில் வைத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். பெரியவர் இரண்டாம் நாளே தின்றது. வெள்ளையம்மா நாலாம் நாள். முனிவர் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் வாங்கித் துப்பியது. பத்தாம் நாள் விழுங்கியது. "முனிவர் - பாதி" என்று தாளில் எழுதினாள். எழுதும்போது மனதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். மின்கட்டணத் தேதியைக் குறித்துக்கொள்வதுபோல்தான் இருந்தது. வேலையிடத்தில் எல்லோரும், தைரியமானவ, சமாளிச்சுட்டா என்றார்கள்.

ஞாயிறு வந்தது. நாலும் நல்லா இருக்கு என்றாள்.

மூன்றாம் வாரம் வெள்ளையம்மாவின் தோளில் மிளகு அளவுக்கு ஒரு முளை வந்தது. கடைக்காரர் படத்தைப் பார்த்து, கால்தான், விரல்கூட வரும், மூணையும் இனித் தொட்டிக்கு மாத்தலாம் என்றார். தொட்டியைக் கழுவிடுங்க என்றும் சொன்னார்.

கழுவினாள். அவரும் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொல்லியிருப்பார். கண்ணாடியைத் தேய்த்தாள், அடியில் இருந்த பாறையைத் தேய்த்தாள், குழாய்களுக்குள் பிரஷ் விட்டாள். ஃபில்டரைத் திறந்தால் உள்ளே இருந்த ஸ்பாஞ்சு சேற்று நிறத்தில் வழவழத்தது. அவன் அதை ஒருநாளும் ஒழுங்காகக் கழுவிப் பார்த்ததில்லை. எடுத்துப் பழைய தொட்டித் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்து அப்படியே திரும்ப வைப்பான். ஆம்பளை வேலை என்று திட்டுவாள். இப்போது பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஸ்பாஞ்சைப் போட்டாள். மூன்று கொதி. மூன்றாவது தண்ணீர் தெளிவாக இருந்தது. ஸ்பாஞ்சு புதிதுபோல வெளுத்துவிட்டது. மாட்டி, தண்ணீர் நிரப்பி, மூன்றையும் விட்டாள். நிறப் பெட்டியை அன்று திறக்கவில்லை. இதைவிடச் சுத்தமாக ஒரு தண்ணீர் இருக்கமுடியாது.

மூன்றாம் நாள் மூன்றும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு ஏறி ஏறிக் காற்றைக் கடித்தன. தோல் சிவந்திருந்தது. நாலாம் நாள் வேலை முடிந்து வந்தபோது பெரியவர் மல்லாந்து கிடந்தது. குழாயில் சொட்டு விட்டாள். கரும்பச்சை.

மற்ற இரண்டையும் டப்பில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஸ்பாஞ்சைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, அந்த அழுக்குதாம்மா உயிரு. இதுங்க கழிக்கிற விஷத்தை அதுலதான் கிருமி உட்காந்து தின்னுக்கிட்டு இருக்கும். கொஞ்ச நாள்ல வர்றதில்ல அது. வருஷக்கணக்கா வளர்ந்திருக்கும்."

முப்பத்து நாலு நாள் யாரும் எட்டிப் பார்க்காத தொட்டியில் மூன்று பிழைத்திருந்தது அந்தச் சேற்றால்தான் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

அவர் தன் கடைத் தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்சு ஒன்றைப் பிய்த்துப் பையில் போட்டு, ஃபில்டருக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். பிறகு, ஆறுதலுக்கோ வியாபாரத்துக்கோ, கறுப்பு ஒன்று வந்திருக்கிறது, செத்ததன் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம், கூடவே நன்றாகத் தின்னும் பழுப்பு ஒன்றும் இருக்கிறது என்றார். சனிக்கிழமைவரை யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

பெரியவர், குண்டன். கணக்கு நாலு வந்துவிடும். நாத்தனார் அவற்றை நேரில் பார்த்து மூன்று வருடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை போய் அந்த இரண்டின் முன்னும் நின்றாள். நல்ல சதைப்பிடிப்பு. செவுள்கள் பட்டுக்குஞ்சம் மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒரு தட்டில் ஒரு கத்தரி குறைந்தால் தேடவேண்டும், கிடைக்காவிட்டால் குறைவு என்று எழுதவேண்டும். வேறொன்றை வைத்துச் சரிக்கட்டினால் அன்றோடு வேலை போகும். அது நினைவுக்கு வந்ததா, அல்லது வெறுமனே கை பணப்பைக்குப் போகவில்லையா என்று அவளுக்கே தெரியாது. மண்புழு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அந்த ஞாயிறும் நாலும் நல்லா இருக்கு என்றாள்.

நாத்தனார் நீல நிறத்தில் ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்க இளைச்சுட்டீங்க அண்ணி என்றாள். அவள் வழக்கமான பதிலைச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வாசலிலேயே சொல்லிவிடுவதாக இருந்தாள். நாத்தனார் நேராகப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

தொட்டிமுன் குனிந்து நின்று கண்ணால் தேடினாள். பாறைக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"மத்த ரெண்டு வேற தொட்டியிலயா?"

"இல்ல. ரெண்டுதான் இருக்கு."

நாத்தனார் நிமிர்ந்தாள்.

"அவர் போன மறுநாள் இந்தக் கதவைச் சாத்தினேன். நீ வர்றேன்னு சொன்னியே, அன்னிக்குத்தான் திறந்தேன். குண்டனை இதுங்களே தின்னுடுச்சு. பெரியவரை நான்தான் கொன்னேன். சுத்தம் பண்ணிக் கொன்னேன்."

அறிக்கை வாசிப்பதுபோல் வந்தது.

"நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு வாரா வாரம் சொன்னீங்களே."

"ஆமா."

"அண்ணா அப்பவே சொன்னான்."

"சரியாத்தான் சொன்னார்."

நாத்தனார் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டட்டும் என்று அவள் நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. நாத்தனார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"வீடியோவில காட்டுங்கன்னு ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும் அண்ணி. கேக்க மாட்டேன். உங்க குரலைக் கேட்டாலே தெரியும், ஒண்ணும் சரியா இல்லன்னு. காட்டச் சொன்னா நான் கிளம்பி வரணும். அவன் இல்லாத இந்த ரூமுக்குள்ள என்னால வர முடியல."

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள். முனிவர் மூலையில் கிடந்தது. வெள்ளையம்மா மூன்றே முக்கால் காலில் தரையைத் தடவி நடந்தது. புதுக்கால் மெல்லியதாக, உள்ளே விளக்கு வைத்ததுபோல் இருந்தது. விரல்கள் இன்னும் பிரியவில்லை.

நாத்தனார் எழுந்து முகத்தைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்து, தொட்டித் தண்ணீரையே இதில் ஊத்தணுமா என்று கேட்டாள்.

"இப்பக் கொண்டுபோகக் கூடாது" என்றாள் அவள். "கால் முழுசா வளரணும். அதுவரைக்கும் இடம் மாத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார்."

கடைக்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது."

"முனிவரையாவது கொண்டுபோறேன். அதுக்குக் கால் நாலும் இருக்கே."

"அதுக்குச் செவுள் வளரணும்."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். இரண்டு மாதத்தில் அந்த முகத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுக்கு உங்ககிட்டதான் பாடம் படிக்கணும் அண்ணி." கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியை மூடினாள். "சரி. வளரட்டும்."

பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, இதுங்களுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டாள். இப்போதுதான் என்றாள் அவள்.

"புழுவை எங்க வெச்சிருக்கீங்க?"

"ஃப்ரிட்ஜில. கீழ்த்தட்டு."

நாத்தனார் ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் இன்னிக்கு வெளியில சாப்பிடலாம்."

சரி என்று சொல்லிவிட்டு, அவள் இடுக்கியை எடுத்தாள்.