மூன்று தடவை முட்டி போட்டிருந்தால்

த்தூ! அந்த மணிச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

ப்ளாட் பெண்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் நான் தற்காப்பு வரிசைக்குப் பயிற்சியாளன். எதிரணி பந்தோடு வரும்போது குறுக்கே நின்று முட்டி மோதுகிற தடிப்பயல்கள்தான் என் பிள்ளைகள். தலைமைப் பயிற்சியாளராகக் கைல் ராத்பன் வந்து மூன்று வருஷம். அந்த ஆளுக்கு எல்லாமே வேகம். பந்தோடு முன்னேறும் ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க நாற்பது விநாடி உண்டு. இவர் பன்னிரண்டிலேயே தொடங்கச் சொல்வார். ஒரு போட்டியில் தொண்ணூறு முயற்சி ஆகிவிட்டால் உடை மாற்றும் அறையில் பித்தளை மணியை அடித்து, ஆளுக்கொரு மின்னல் ஸ்டிக்கர் கொடுப்பார்.

வேகம் பலித்தால் சரி. பலிக்காவிட்டால் அரை நிமிடத்தில் பந்து எதிரணியிடம் போய்விடும். என் பையன்கள் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மறுபடி மைதானத்துக்கு ஓட வேண்டும்.

ஓடெல் ப்ரூயிட்டுக்கு அது கடைசி வருஷம். நடுவில் நிற்கிற மலை அவன். நாங்கள் ஐந்து போட்டி ஜெயித்திருந்தோம், பாக்கி ஒன்றே ஒன்று. ஆறாவதும் ஜெயித்தால் டிசம்பரில் கூடுதலாக ஒரு பெரிய போட்டி கிடைக்கும். நாலு வருஷமாக அவன் பார்க்காதது. தோற்றால் அன்றோடு சரி, ஆயுசுக்கும் ஹெல்மெட் போட மாட்டான்.

அந்த நவம்பர் சனிக்கிழமை மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். மீதி ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பந்து எங்களிடம். கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பை எல்லாம் எதிரணி தீர்த்துவிட்டிருந்தது. ஓடெல் பெஞ்சுக்குப் பின்னால், காலையில் தின்ற சில்லி என்கிற கறிக் குழம்பையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"கோச், முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்டா. பந்து வீசுற நம்ம ஜேஸ் அதைக் கையில வாங்கி மூணு தடவ முட்டி போட்டா போதும், கடிகாரம் தானா ஓடிடும். நீ உக்காரு."

திரும்பிப் பார்த்தால், ஓரத்தில் தவளைப் படம் போட்ட பலகையைத் தூக்குகிறார்கள். தவளை என்றால் பந்தை வீசு என்று அர்த்தம். ராத்பனிடம் ஓடினேன்.

"கைல்! முட்டி போடச் சொல்லுய்யா!"

"அதுக்கு நம்மகிட்ட பலகையே இல்லியே, விக்" என்று சிரித்தார்.

சத்தியமான வார்த்தை. தவளை, டிராக்டர், பீட்சா என்று அறுபது பலகை வைத்திருந்தோம். முட்டி போட ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அதைப் பயிற்சி செய்ததில்லை.

"பலகை என்ன எழவுக்கு? கூப்பிட்டு வாயால சொல்லு! என் பசங்க செத்துக் கெடக்காங்க!"

"இது எண்பத்தொன்பதாவது. இன்னும் ஒண்ணுதான். கெழவனுங்க மாதிரி ஆடவா என்னைக் கூட்டிட்டு வந்தாங்க? ஒதுங்கு."

எண்பத்தொன்பதாவது முயற்சியில் வீசிய பந்து தரையில் விழுந்தது, கடிகாரம் நின்றது. தொண்ணூறாவதை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு முப்பது கஜம் ஓடினான். செலவானது வெறும் பதினைந்து விநாடி.

ஓடெல் பெஞ்சைப் பிடித்து எழுந்து வாயைத் துடைத்தான். "பரவால்ல கோச், போறேன்."

எதிரணி பதறவே இல்லை. கூடிப் பேசி, வரிசையில் நின்று, நேராக ஓடெல் மேலேயே ஓடினார்கள். நாலு கஜம், அப்புறம் ஐந்து, மறுபடி நாலு. எங்கே சக்தி செத்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆறு விநாடி பாக்கி இருக்கும்போது அவனை மிதித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள்.

அறைக்குள் போனால் மணி அடிக்கிறது!

"தொண்ணூறு! தோத்தாலும் நாம யாருன்னு காட்டிட்டோம்டா!" என்றார் ராத்பன். வெளியே நிருபர்களிடம், "தற்காப்புப் பசங்களுக்குக் கடைசில தம் பத்தல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார், அந்தக் கேடுகெட்ட மனுஷன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பழக்கதோஷம், என் கையும் தட்டிவிட்டது. ச்சீ, இதுவும் ஒரு கையா?

ஓடெல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, தன் மின்னல் ஸ்டிக்கரை என் புறங்கையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான்.

"நீங்க வச்சுக்கோங்க, கோச்."

பிறகு ஷூவைக் கழற்றக் குனியப் பார்த்தான். இடுப்பு வளையவில்லை. நான் அவன் முன்னால் முட்டி போட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.