நெருக்கியடித்த எழுத்து

விடிவதற்கு முன்பே பட்டறைக்குள் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ரம்ப மிஷின் துப்பும் தூள் பல்லிடுக்கில் நறநறக்கும். காறித் துப்பினால் சிவப்பாக வரும், நீலமாக வரும். எந்த நிறத்தில் பெயர்ப்பலகை தயாராகிறது என்பதை எங்கள் எச்சிலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அன்று நாங்கள் வந்தபோது தரை கழுவி விடப்பட்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம், ரம்பத்தில் எழுத்து அறுக்கும் சுருட்டையின் இரண்டு விரல்களை மிஷின் தின்றிருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பாதி அறுத்த ‘ண’ மட்டும் துடைத்துச் சுத்தமாக மேஜைமேல் கிடந்தது.

முதலாளிக்குப் பிடித்துப்போன புது எழுத்து வடிவம் அது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. தடித்த கோடு, நெட்டை உடம்பு, இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினாற்போல ஒடுக்கம். தூரத்திலிருந்தே முகத்தில் அறையும். சின்னப் பலகையிலும் நீளமான பெயர் அடங்கும். கடைக்காரர்கள் சொக்கிப் போனார்கள். ஆனால் அந்தச் சுழிகளின் இடுக்கில் பிளேடை ஓட்டும்போது, விரல் படாமல் காக்கும் பிளேடின் மறைப்பு, அறுக்க வேண்டிய கோட்டை மறைத்தது. மறைப்பைக் கழற்றச் சொன்னார் முதலாளி. மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் கழற்றினார்.

முதலாளி செண்ட் மணக்க உள்ளே வந்தார். எழுத்துகளைப் பலகையில் ஒட்டும் சுருட்டையின் தங்கையைக் கூப்பிட்டார்.

“நீ மிஷின்ல உக்காரும்மா. மத்தியானம் பலகை போகணும்.”

“மறைப்ப மாட்டச் சொல்லுங்க சார், உக்கார்றேன்.”

“மாட்டினா கோடு எப்படித் தெரியும்?”

“எழுத்தக் கொஞ்சம் அகலமா வைங்க.”

“அகலமாக்கினா அழகே போயிடும்மா. உங்கண்ணன் ஒழுங்கா வேல பாத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போ.”

அழகாம். த்தூ. அண்ணன் படுத்துவிட்டான், இவளும் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது தெரிந்துதான் அவளைக் கூப்பிட்டார், படுபாவி.

அவள் போய் உட்கார்ந்தாள். ‘ண’வைக் கையில் எடுத்தாள். ஃபிட்டர் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

“எந்திரிம்மா.”

“யாரக் கேட்டு நிறுத்தின?” என்றார் முதலாளி.

“கழட்டுனது நான் சார். அந்தப் பாவமே போதும்.”

“அப்ப இத யாரு அறுக்கிறது?”

“நீங்க உக்காருங்க. நாங்க சொல்லித் தர்றோம்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் கைகள் இரண்டும் பேண்ட் பைக்குள் போயின.

“எனக்கா ஆள் கெடைக்காது? பக்கத்துப் பட்டறையிலேர்ந்து கூட்டிட்டு வரேன்.”

பக்கத்துப் பட்டறையிலும் இதே எழுத்துதான், மறைப்பில்லாத மிஷின்தான். ஒட்டுகிற பெண்கள் பசைக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பெயிண்டர் பிரஷைப் போட்டுவிட்டு வந்தார். சுருட்டையின் தங்கை முன்னால் நடந்தாள்.

“எங்க போறீங்க எல்லாரும்?”

“நீங்க கூப்பிடறதுக்கு முன்னால நாங்க போய்ப் பேசிடறோம் சார்” என்றாள்.

அடுத்த பட்டறையின் தகரக் கதவை அவள் தட்டினாள். உள்ளே ரம்பத்தின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து தட்டினோம். ரம்பம் நின்றது.