தவிட்டுக்கு இரண்டு ஊசி

பல் டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது இதுதான். "பஞ்ச நல்லா கடிச்சிக்கோங்க. ரெண்டு மணி நேரத்துக்கு வாயத் தொறக்கவே கூடாது. பேச்சு மூச்சு இருக்கக் கூடாது."

அந்த அம்மாளுக்கு என்ன தெரியும், பாவம். கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டி இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் ஒரு வேலையும் நடக்காது, கடையில் ஒரு கண்ணாடியும் நகராது என்று யார் போய் அவரிடம் சொல்வது?

கடை கீழே, வீடு மேலே. கடை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தம்பி இவளுடைய புருஷன். அண்ணன் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர்; ஊருக்கெல்லாம் அவர் பெரியவர். ஒரு நாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்தபோது அது விழுந்து நொறுங்கியது. "அவன்தான் கைய விட்டான்" என்றார் பெரியவர். "அவருதான் விட்டாரு" என்றான் தம்பி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே மேசையில் கண்ணாடி வெட்டு, வாய் மட்டும் இவளுடையது. "அவன்கிட்ட சொல்லும்மா, அஞ்சு எம்எம் கண்ணாடி தீந்து போச்சுன்னு." "அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்குன்னு." இன்றைக்கும் பெரிய கண்ணாடி என்றால் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பார்கள். இவள் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "தூக்குங்க, இடது பக்கம் வாங்க, இறக்குங்க" என்று சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது கச்சேரி முடிந்தால் உறையில் போட்டு வைப்பார்கள்.

பல் போனதும் இதனால்தான். ரூட் கெனால் செய்து தொப்பி மாட்டிய கடைவாய்ப்பல், தொப்பிக்கு அடியிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. "தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறீங்க. மனசுல ஏதாவது போட்டு அடக்கி வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது இவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்து என்று சொல்லித்தானே அனுப்பி வைத்தார்கள். நடத்தியாயிற்று.

பிளந்த பல்லை உடனே பிடுங்கியிருக்கலாம். முடியவில்லை, தவிட்டால். தவிடு அவளுடைய நாய். தவிட்டு நிறம், அதனால் அந்தப் பெயர். அதற்குச் சர்க்கரை வியாதி. கண் இரண்டும் வெளுத்துப் பார்வை போய்விட்டது. காலையும் மாலையும் சாப்பாடு வைத்து, தின்று முடித்த பிறகு பிடரித் தோலைச் சுருட்டிப் பிடித்து இன்சுலின் போட வேண்டும். தின்னாமல் போட்டாலும் ஆபத்து, அளவு கூடினாலும் ஆபத்து. வியாதி கண்ட நாளிலிருந்து ஊசி போட்டது இவள் ஒருத்திதான். பல்லுக்கு நேரம் கேட்கும்போதெல்லாம் சாயங்கால ஊசி குறுக்கே வந்து நிற்கும். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கன்னம் பந்தாக வீங்கிய பிறகு வேறு வழியில்லாமல் இன்று கிளம்பினாள்.

கிளம்பும்போது புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "சாப்பாடு வெச்சு, தின்னதுக்கு அப்புறம் ஆறு யூனிட். மறந்துறாதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றான்.

பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கலை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து மாடிப்படி ஏறியபோது பாதி முகம் யாருடையதோ போலிருந்தது. வழக்கமாக இவள் காலடி மூன்றாம் படியில் விழும்போதே தவிடு வாசலுக்கு வந்துவிடும். இன்று வரவில்லை. அது சமையலறை மூலையில் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. பின்னங்கால்கள் நடுங்கின. தட்டில் சாப்பாடு ஒரு கவளம்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. போட்ட ஊசிகளைச் சேர்க்கும் டப்பாவைக் காலையில்தான் காலி செய்திருந்தாள். இப்போது அதில் இரண்டு ஊசிகள் கிடந்தன.

டப்பாவைக் கொண்டுபோய்க் கூடத்து மேசையில் டொம்மென்று வைத்து, இரண்டு விரலை நீட்டினாள்.

"ஒண்ணு நான் போட்டது" என்றான் புருஷன். "தட்டு நெறய சாப்பாடு வெச்சேன், மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அப்புறமா திங்கும்னு ஊசியப் போட்டுட்டேன்."

பெரியவரின் முகம் வெளுத்தது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடியே நான் சாப்பாடு வெச்சு, அது தின்னதும் ஊசி போட்டாச்சேம்மா. அவன் எங்க போடப் போறான்னுதான் நானே போட்டேன். அவன்கிட்ட கேளும்மா, எத்தன யூனிட் போட்டான்னு."

தம்பி இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தான். "ஆறுன்னு சொல்லு. போட்டதும் வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடுன்னும் கேளு."

இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாய்க்குள் ரத்தத்தில் ஊறிய பஞ்சு. கை நிறையக் கோபம். கரண்டியை எடுத்து யார் மண்டையில் முதலில் போடுவது என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள். அதற்குள் உள்ளே தவிடு தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

ஓடினாள். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து அதன் ஈறில் தேய்த்தாள். தாடை இறுகி வெட்டி இழுத்தது; அவள் விரல் பல்லுக்கு நடுவில் மாட்டி ரத்தம் வந்தது. அது தெரிந்து கடிக்கவில்லை. அவளைக் கடித்ததே இல்லை அது. இவளை ஆயுள் முழுக்கக் கடித்துத் தின்ற இரண்டு பேரும் வாசற்படியில் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாயைப் போர்வையோடு வாரித் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் இடித்துக்கொண்டு இறங்கினாள்.

கண்ணாடி ஏற்றும் வண்டியில் முன்சீட்டு ஒன்றுதான். புருஷன் ஓட்ட, பெரியவர் ஓரத்தில், நடுவில் அவள், மடியில் தவிடு. எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு நடுவிடம்தான் எழுதி வைத்திருக்கிறது. மூச்சு விட்டு விட்டு வந்தது அதற்கு. முன்னால் சாலை முழுக்கச் சிவப்பு விளக்கு, வண்டி வண்டியாக நின்றது.

"லெஃப்ட்ல போகச் சொல்லும்மா" என்றார் பெரியவர். "மில்லுக்குப் பின்னாடி வழி இருக்கு."

புருஷனுக்குக் காது நன்றாகவே கேட்கும். இண்டிகேட்டர் பக்கம் அவன் கை போனதை அவள் பார்த்தாள். போன கை பாதியில் நின்றது. இவள் சொல்வதற்காகக் காத்திருந்தான். நாய் செத்துக்கொண்டிருக்கிறது, இவன் தூது வரக் காத்திருக்கிறான். இடது பக்கத் திருப்பம் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

அவள் பஞ்சை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே துப்பினாள். 'பேசித் தொலைங்களேன், பாவிகளா' என்று கத்த நினைத்தாள். மரத்துப்போன நாக்கில் வார்த்தை வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து ஓர் ஊளைதான் வந்தது, அதோடு ரத்தமும். தவிட்டின் காது அசைந்தது.

பெரியவர் நடுங்கிப் போனார். "திருப்புடா! கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது, தெரியுது" என்றான் தம்பி. வண்டி நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறி இறங்கித் திரும்பியது.

நாய் டாக்டர் சின்ன வயசுக்காரர். குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே விவரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. "ஒரே வீட்டுல இருந்துகிட்டு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா?" என்றவர், இவள் பக்கம் திரும்பினார். "நீங்களாவது ரெண்டு பேர்கிட்டயும் தெளிவா சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தப்பு இல்லை என்று சொல்ல இரண்டு பேரில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. மரப்பு விட்டுக்கொண்டிருந்த தாடையில் முதல் வலி அப்போதுதான் சுரீரென்று ஏறியது. வலித்தால் வலிக்கட்டும் என்றிருந்தது. அந்த வலியாவது அவளுக்கென்று அவளுடையது.

பாட்டில் பாதி இறங்கிய பிறகு தவிடு தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. குருட்டுக் கண் அவள் பக்கம் திரும்பியது. வால் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுப் போட்ட விரலால் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பிழைச்சுக்கும்" என்றார் டாக்டர். "ஆனா நாளைக்கு முழுக்க யாராவது பக்கத்துலயே இருக்கணும். ரத்தத்துல சர்க்கரை பாக்காம ஊசி போடக் கூடாது. யாரு, எப்பன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கோங்க."

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள்தான் நடுவில். பெரியவர் சுவரைப் பார்த்தார். புருஷன் சாவிக்கொத்தை உருட்டினான். அந்த ஒரு "திருப்புடா"வோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இவள் நினைத்திருந்தாள், முட்டாள்.

புருஷன் அவள் காதருகே சாய்ந்தான். "அண்ணன்கிட்ட சொல்லேன். நாளைக்குக் கடைய அவரே பாத்துக்கட்டும், நான் தவிட்டுகூட இருக்கேன்னு."

அவள் கைப்பையைத் திறந்தாள். டாக்டரம்மா உபரியாகக் கொடுத்த பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றை எடுத்து, அவன் முகத்தைப் பார்த்தபடியே பல் போன குழியில் வைத்து, அழுத்திக் கடித்தாள். ரத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

பிறகு எழுந்து தவிட்டிடம் போய்விட்டாள். பெஞ்சின் நடு இடம் காலியாகக் கிடந்தது. உள்ளே நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் சாவிக்கொத்து மட்டும் உருண்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.